தொகுத்தவர் பெயர் தெரியவில்லை: வீடியோ கேமில் நிர்வாகத் தயாரிப்பாளர் என்னும் ஏவுதல் கருத்தா

நற்றிணையைத் தொகுப்பித்தவர் பன்னாடு தந்த பாண்டியன் மாறன் வழுதி. தொகுத்தவர் பெயர் தெரியவில்லை. எம்.ஏ. தமிழ் படித்த எவரும் இந்த இரண்டு வாக்கியங்களையும் ஒரே மூச்சில் ஒப்பித்திருப்போம். இரண்டு மதிப்பெண் கேள்வி. நானூறு பாட்டை ஏட்டில் தேடி, அடி எண்ணி, வரிசைப்படுத்தி, உட்கார்ந்து வேலை பார்த்த ஆளின் பெயர் இல்லை. ‘செய்’ என்று சொன்னவன் பெயர் இருக்கிறது, அதுவும் பட்டத்தோடு. படித்த காலத்தில் இது எனக்கு உறுத்தவேயில்லை. உறுத்தியது போன வருடம், அக்கா மகனின் அறையில், ஒரு வீடியோ கேம் முடிந்து பெயர்ப் பட்டியல் ஓட ஆரம்பித்தபோது.

அது ராக்ஸ்டார் நிறுவனம் 2018இல் வெளியிட்ட ‘ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2’. குதிரை, துப்பாக்கி, செத்துக்கொண்டிருக்கும் ஒரு கொள்ளைக்காரன். மோசமான கதை என்று சொல்ல மாட்டேன். நம் நாவல்கள் பலவற்றைவிட நிதானம் அதிகம். ‘சித்தி, இத ஸ்கிப் பண்ணிரலாம், அரை மணி நேரத்துக்கு மேல ஓடும்’ என்றான். ‘ஓடட்டும்டா, எங்க போகப் போறோம்’ என்றேன். ஓடியது. நிர்வாகத் தயாரிப்பாளர் சாம் ஹவுசர் என்று ஒரு பெயர். பிறகு பெயர்கள் கூட்டம் கூட்டமாக, ஊர் ஊராக: எடின்பரோ, நியூயார்க், டொரொண்டோ, பெங்களூரு. பெங்களூரு வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். எழுத்து பொடிசாகிவிட்டிருந்தது.

‘இந்த நிர்வாகத் தயாரிப்பாளர் என்னடா செஞ்சார்?’

‘அவர் ஓனர் மாதிரி சித்தி. கம்பெனி ஆரம்பிச்சவர்ல ஒருத்தர்.’

ஓனர் அவரில்லை. டேக்-டூ என்கிற பங்குச்சந்தைக் கம்பெனிதான் ஓனர். ஆனால் பையன் சொன்ன அந்த ‘மாதிரி’யில்தான் விஷயம் இருக்கிறது. முதலாளியும் அல்ல, செய்தவனும் அல்ல; முதலாளி மாதிரி, செய்தவன் மாதிரி. இந்த ‘மாதிரி’யைக் கொஞ்சம் கட்டவிழ்த்துப் பார்ப்பதுதான் இந்தக் கட்டுரையின் வேலை. வீடியோ கேமுக்கு எதற்கு இத்தனை பக்கம் என்று முகம் சுளிக்கிற தோழர்கள், இதே ஆட்டம் வெளிவந்த 2018 அக்டோபரில் நடந்ததைத் தெரிந்துகொண்டு சுளிக்கட்டும். சாம் ஹவுசரின் தம்பியும் கதாசிரியருமான டான் ஹவுசர் ஒரு பேட்டியில் வாரத்துக்கு நூறு மணி நேரம் உழைத்ததாகப் பெருமையாகச் சொன்னார். கூச்சல் கிளம்பியதும், அது மூத்த எழுத்தாளர்கள் நான்கு பேர் மூன்று வாரம் பார்த்த வேலையைப் பற்றித்தான் என்று விளக்கம் வந்தது. அந்தச் சமயத்தில்தான் இன்னொன்றும் வெளியே பரவலாகத் தெரிந்தது. ஆட்டம் வெளிவரும் முன் வேலையை விட்டுப் போனவர்களுக்குப் பட்டியலில் இடம் கிடையாது. நான்கைந்து வருடம் குதிரையின் கால் அசைவை வரைந்திருந்தாலும் சரி, கடைசி மாதம் இல்லையென்றால் நீங்கள் வரையவே இல்லை. எதிர்ப்பு வந்தபின் போனவர்கள் பெயர்களை இணையத்தில் தனிப் பக்கம் ஒன்றில் போட்டு நன்றி சொன்னார்கள். ஆட்டத்துக்குள் அல்ல, வெளியே. திண்ணையில்.

*

நம் இலக்கணத்தில் இதற்கு ஒரு துல்லியமான கருவி இருக்கிறது. மூன்றாம் வேற்றுமையின் கருத்தாப் பொருள். அதில் கருத்தா இரண்டு வகை. தச்சனால் கட்டப்பட்ட கோயில், இது இயற்றுதல் கருத்தா. அரசனால் கட்டப்பட்ட கோயில், இது ஏவுதல் கருத்தா. இரண்டு வாக்கியத்துக்கும் உருபு ஒன்றுதான், ‘ஆல்’. வாக்கியத்தின் மேற்பரப்பைப் பார்த்து யார் கல் சுமந்தார்கள் என்று சொல்ல முடியாது. தச்சனும் அரசனும் ஒரே உருபுக்குள் உட்கார்ந்திருக்கிறார்கள். உரையாசிரியர் விளக்கினால்தான் பிரித்தறிய முடியும். மொழிக்குள்ளேயே அதிகாரம் எப்படிப் பதுங்கியிருக்கிறது என்பதற்கு நான் வேறு தத்துவாசிரியனைத் தேடிப் போக வேண்டியதில்லை. நிர்வாகத் தயாரிப்பாளர் என்பவர் ஏவுதல் கருத்தா. பட்டியலில் மட்டும் இயற்றுதல் கருத்தாவுக்கான இடத்தில், அதுவும் தலைமாட்டில், உட்கார்ந்திருப்பவர்.

திட்டுவதற்கு முன் அந்த வேலை என்னவென்று பார்த்துவிடுவது நியாயம். ஒரு பெரிய வீடியோ கேம் உருவாக நான்கு முதல் ஏழு வருடம் ஆகலாம். முதலில் பத்திருபது பேர் யோசனை செய்கிறார்கள், மாதிரி செய்து பார்க்கிறார்கள். பிறகு பணம் போடுகிறவர்கள் தலையாட்டினால் ஆள் சேர்க்கிறார்கள், நூற்றுக்கணக்கில். பணம் மொத்தமாக வருவதில்லை. ஸ்டுடியோ வெளியாளாக இருந்தால், ஒவ்வொரு கட்டத்திலும் ஒத்துக்கொண்ட பொருளைக் காட்டி ஒப்புதல் வாங்கினால்தான் அடுத்த தவணை. இந்தக் கட்டங்களுக்கு நாள் குறித்து, யார் எதைச் செய்வது என்று பங்கிட்டு, தினமும் விரட்டுகிறவர்கள் தயாரிப்பாளர்கள். அவர்களுக்கு மேலே இருப்பவர் நிர்வாகத் தயாரிப்பாளர். அவர் படம் வரைவதில்லை, புரோகிராம் எழுதுவதில்லை. எவ்வளவு பணம், எந்தத் தேதி, எத்தனை ஆள், எதை வெட்டுவது, இந்த நான்கும் அவர் கையில். உள்ளே பார்த்து ‘இது வேண்டாம், அது வேண்டாம்’ என்பார். வெளியே பார்த்து ‘இன்னும் ஆறு மாதம் வேண்டும்’ என்பார். அவருடைய மூலப்பொருள் இந்த ‘வேண்டும்’, ‘வேண்டாம்’ இரண்டும்தான்.

இதிலேயே பல சாதி. வெளியீட்டு நிறுவனம் அனுப்பிவைத்த கண்காணி ஒரு ரகம். ஸ்டுடியோவுக்குள்ளிருந்தே வளர்ந்து வந்தவர் ஒரு ரகம். கம்பெனித் தலைவர் என்பதாலேயே எல்லா ஆட்டத்திலும் பெயர் வருகிறவர் இன்னொரு ரகம். முதல் ரகத்திலும் நல்ல ஆட்கள் இருந்திருக்கிறார்கள். மார்க் செர்னி பதினெட்டு வயதுக்குள்ளேயே அட்டாரியில் சேர்ந்து, 1984இல் ‘மார்பிள் மேட்னெஸ்’ செய்தவர். பின்னால் யூனிவர்சல் தரப்பில் உட்கார்ந்து ‘க்ராஷ் பாண்டிகூட்’, ‘ஸ்பைரோ’ ஆட்டங்களை நடத்திக் கொடுத்தார். 2002இல் அவர் ஆற்றிய ஒரு உரை இந்தத் தொழிலில் இன்றும் பேசப்படுகிறது. அதன் சாரம் இதுதான்: ஆரம்ப யோசனைக் கட்டத்துக்கு நாள் குறிக்காதே, அங்கே வீணாவது வீணல்ல, விளையாட நன்றாக இருக்கிறது என்று ஒரு சிறு துண்டைச் செய்து நிரூபித்த பிறகுதான் நூறு பேரை உள்ளே கூப்பிடு, நிரூபிக்க முடியவில்லையென்றால் தூக்கிப் போட்டுவிட்டு வேறு வேலை பார். நாவல் எழுதுகிற யாருக்கும் இது புதிதல்ல. ஆனால் இதைப் பணம் போடுகிறவன் பக்கத்தில் உட்கார்ந்து சொல்வதற்குத் தைரியம் வேண்டும். ஆகவே ஏவுதல் என்பது சும்மா உட்கார்ந்திருப்பது என்று நான் சொல்லவில்லை. நல்ல ஏவல், கெட்ட ஏவல் என்று உண்டு. கெட்ட ஏவலுக்கு யார் பதில் சொல்வது என்பதுதான் கேள்வி.

*

இந்த இடத்தில் நம்முடைய ஒரு பழைய கணக்கைத் தீர்க்க வேண்டியிருக்கிறது. ஆசிரியன் இறந்துவிட்டான் என்று ரோலன் பார்த் 1967இல் எழுதினார். தமிழ்ச் சிறுபத்திரிகைகளில் அந்தச் சாவுக்கு வருடக்கணக்கில் கருமாதி நடந்தது. எனக்கு அந்தக் கட்டுரைகள், மாணவியாக இருந்தபோது, பழைய இதழ்களின் ஜெராக்ஸாகத்தான் கைக்கு வந்தன. படித்துப் பரவசப்பட்டவள்தான் நானும். பிரதி பிறந்தது, வாசகன் பிறந்தான், கடவுளைப் போல உட்கார்ந்திருந்த ஆசிரியன் போய்ச் சேர்ந்தான், நல்லதுதானே என்று. இப்போது கேட்கத் தோன்றுகிறது: போய்ச் சேர்ந்தது எந்த ஆசிரியன்? கொன்றது யார்?

ஏனென்றால் நம் கட்டுரைகளுக்கு முன்பே ஆசிரியனைக் கச்சிதமாகக் கொன்று காட்டிய இடம் ஒன்று இருந்தது. அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில், அட்டாரி கம்பெனியில். 1976இல் வார்னர் நிறுவனம் அட்டாரியை வாங்கியது. அப்போதெல்லாம் ஒரு ஆட்டத்தை ஒரே ஆள் செய்வார். கதை, படம், சத்தம், புரோகிராம் எல்லாமே அவர்தான். ஆனால் கேட்ரிட்ஜிலோ பெட்டியிலோ பெயர் கிடையாது. அட்டாரி என்ற பெயர் மட்டும்தான். வாரன் ராபினெட் என்ற இளைஞர் ‘அட்வெஞ்சர்’ என்ற ஆட்டத்தைத் தனியாக எழுதினார். 1980இல் வெளிவந்தது. அதில் யாருக்கும் சொல்லாமல் ஒரு ரகசிய அறையைக் கட்டினார். பின்னணி நிறத்திலேயே இருக்கும் ஒரே ஒரு புள்ளி, கண்ணுக்குத் தெரியாது. அதைத் தற்செயலாக எடுத்து ஒரு குறிப்பிட்ட சுவருக்குக் கொண்டுபோனால் சுவர் வழிவிடும். உள்ளே வண்ணம் மாறி மாறி எழுத்து மின்னும்: இதைச் செய்தது வாரன் ராபினெட். வேலையை விட்டுப் போகும்போதும் ஒருவரிடமும் சொல்லவில்லை. அதைக் கண்டுபிடித்து ஒரு சிறுவன் கம்பெனிக்குக் கடிதம் எழுதியபோதுதான் விஷயம் வெளிவந்தது. சிப்புகளை மாற்றச் செலவாகும் என்று விட்டுவிட்டார்கள். பிறகு அதையே விற்பனைத் தந்திரமாக்கி, இனி எல்லா ஆட்டத்திலும் இப்படி ஒளித்துவைக்கலாம், ‘ஈஸ்டர் முட்டை’ என்று பெயர் வைக்கலாம் என்றார்கள். எதிர்ப்பை எப்படிச் செரித்துக்கொள்கிறது பாருங்கள் அமைப்பு.

சங்கப் பாடல்களைத் தொகுத்தவர்கள் இந்த விஷயத்தில் அட்டாரியைவிட நாகரிகமானவர்கள். பாடியவர் பெயர் தெரியாதபோது பாட்டிலிருந்தே ஒரு தொடரை எடுத்து செம்புலப்பெயனீரார், அணிலாடு முன்றிலார் என்று சூட்டினார்கள். பெயரில்லாமல் விட மனசு வரவில்லை. ராபினெட் தன் பெயரைத் தானே சுவருக்குள் புதைக்க வேண்டியிருந்தது.

பார்த் சொன்ன சாவில் பிறந்தவன் வாசகன். அட்டாரி செய்த கொலையில் பிறந்தது முதலாளியின் முத்திரை. இரண்டையும் நாம் ஒன்றாகக் குழப்பிக்கொண்டோம் என்பது என் குற்றச்சாட்டு. குற்றவாளிக் கூண்டில் நானும் இருக்கிறேன்.

ஃபூக்கோ இதில் கொஞ்சம் உஷாரானவர். ஆசிரியன் என்றால் என்ன என்று 1969இல் அவர் பேசியபோது, ஆசிரியப் பெயர் ஒரு சொத்துரிமை என்பதோடு நிற்கவில்லை. தண்டிக்க ஒரு ஆள் தேவைப்பட்டபோதுதான் நூல்களுக்கு ஆசிரியர்கள் வந்தார்கள் என்றார். சொத்தும் தண்டனையும் ஒரே பெயரில் சேர்ந்திருந்தன. வீடியோ கேம் தொழில் சாதித்தது என்னவென்றால், இந்த இரண்டையும் பிரித்துவிட்டது. சொத்து மேலே போகிறது, தண்டனை கீழே வருகிறது.

‘ஈ.டி.’ என்ற ஆட்டத்தின் கதை இதற்குப் பாடப்புத்தகம். 1982இல் ஸ்பீல்பர்க்கின் படம் ஓடு ஓடென்று ஓடியது. வார்னரின் மேலிடம் பெரும் தொகைக்கு உரிமை வாங்கியது. பேச்சுவார்த்தை ஜூலை இறுதிவரை இழுத்தது. கிறிஸ்துமஸுக்குக் கடையில் இருந்தாக வேண்டும். அதாவது ஆட்டத்தைச் செய்ய ஐந்து வாரம். மற்ற ஆட்டங்களுக்கு மாதக்கணக்கில் எடுத்துக்கொண்ட ஹோவர்ட் ஸ்காட் வார்ஷாவிடம் கேட்டார்கள். இளரத்தம், முடியும் என்றார், ராத்திரி பகலாகச் செய்தும் முடித்தார். லட்சக்கணக்கில் அச்சடித்தார்கள், விற்காமல் தேங்கியது. 1983இல் நியூ மெக்சிகோவின் அலமொகார்டோ குப்பைக் கிடங்கில் கேட்ரிட்ஜ்களை லாரி லாரியாகக் கொட்டிப் புதைத்தார்கள். வரலாற்றிலேயே மோசமான ஆட்டம் என்று பெயர். யார் பெயர்? வார்ஷா பெயர். ஐந்து வாரம் என்று கையெழுத்துப் போட்டவரின் பெயரை இந்தக் கதையைச் சொல்கிறவர்களில் பலருக்குத் தெரியாது. 2014 ஏப்ரலில் அந்தக் குப்பையைத் தோண்டியபோது, புழுதிக் காற்றில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவரும் வார்ஷாதான். அவர் இப்போது மனநல ஆலோசகராக இருக்கிறார். பொருத்தமான தொழில் என்றுதான் சொல்ல வேண்டும்.

*

பெயர் வேண்டும் என்று சண்டை போட்டவர்களும் இருந்தார்கள். 1979இல் டேவிட் க்ரேன் உள்ளிட்ட நான்கு புரோகிராமர்கள் அட்டாரியை விட்டு வெளியேறினார்கள். கேட்ரிட்ஜைப் பூட்டி அடுக்குகிற ஆளைவிட நீங்கள் ஒன்றும் உசத்தியில்லை என்று மேலிடம் சொன்னதாக க்ரேன் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். (இந்த வாக்கியத்தில் இரண்டு பேருக்கு அவமானம். பூட்டி அடுக்கிய பெண்களைப் பற்றி க்ரேனும் யோசித்ததாகத் தெரியவில்லை.) நால்வரும் சேர்ந்து தொடங்கியது ஆக்டிவிஷன். ஆட்டத்தோடு வரும் கையேட்டில் செய்தவர் பெயர் இருக்கும், படமும் இருக்கும். 1982இல் ட்ரிப் ஹாகின்ஸ் எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸைத் தொடங்கினார். அவர் ஒரு படி மேலே போய், புரோகிராமர்களைக் கலைஞர்கள் என்றார். பாட்டுத்தட்டு உறையைப் போல அட்டை, அதில் செய்தவர்கள் பெயர். ஒரு கம்ப்யூட்டரால் உங்களை அழவைக்க முடியுமா என்று கேட்டு விளம்பரம். கலைஞன் என்று ஒருவன் வந்துவிட்டால் அவனை மேய்க்க ஒருவன் வேண்டுமே. தயாரிப்பாளர் என்ற பதவியை இசைத்தட்டு, சினிமாத் தொழில்களிலிருந்து வீடியோ கேமுக்குள் ஒரு முறையாகக் கொண்டுவந்தது இந்த எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ்தான். கலைஞனும் மேய்ப்பனும் ஒரே பிரசவத்தில் பிறந்த இரட்டையர்கள்.

இருபத்திரண்டு வருடம் கழித்து, 2004 நவம்பரில், அதே எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸின் ஊழியர் ஒருவரை மணக்கவிருந்த பெண் ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். வாரம் எண்பது மணி நேரத்துக்கு மேல் வேலை, கூடுதல் ஊதியம் இல்லை, வீட்டுக்கு வருகிறவர் தலைவலியும் வயிற்றுவலியுமாக வருகிறார் என்று. பெயர் போடாமல்தான் எழுதினார், பயம். வழக்குகள் நடந்தன. வரைகலைஞர்களுக்கு 1 கோடியே 56 லட்சம் டாலரும் புரோகிராமர்களுக்கு 1 கோடியே 49 லட்சம் டாலரும் கொடுத்து கம்பெனி சமரசம் செய்துகொண்டது. கம்ப்யூட்டரால் அழவைக்க முடியும் என்பது இப்படி நிரூபணமாயிற்று. பெயருக்காகப் பிறந்த ஆக்டிவிஷன் என்ன ஆனது? பெருத்து, 2023 அக்டோபரில் 6,870 கோடி டாலருக்கு மைக்ரோசாஃப்டின் வயிற்றுக்குள் போனது. மூன்றே மாதத்தில், 2024 ஜனவரியில், மைக்ரோசாஃப்டின் கேம் பிரிவில் 1,900 பேர் வேலை போயிற்று.

*

‘ஆந்தம்’ விவகாரத்துக்கு வருகிறேன். நிர்வாகத் தயாரிப்பாளர் என்ற தன்னிலையை முழுசாகப் பார்க்க இதைவிட நல்ல பிரதி இல்லை.

கனடாவின் பயோவேர் ஸ்டுடியோ, உடைமை எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ். 2019 பிப்ரவரியில் ‘ஆந்தம்’ வெளிவந்தது. இரும்புக் கவசம் அணிந்து பறந்து சண்டை போடும் ஆட்டம். ஏப்ரலில் ஜேசன் ஷ்ரையர் என்ற பத்திரிகையாளர், அதில் வேலை பார்த்தவர்களும் பக்கத்தில் இருந்தவர்களுமாகப் பத்தொன்பது பேரிடம் பேசி நீண்ட கட்டுரை எழுதினார். ஆறேழு வருடம் உருவான ஆட்டம் என்று பெயர்தான், உண்மையில் உருவானது கடைசிப் பதினெட்டு மாதத்துக்குள். அதற்கு முன் நடந்ததெல்லாம் முடிவெடுக்காமல் இருந்தது. பறப்பது உண்டா இல்லையா என்பதே தீர்மானமாகவில்லை. வைத்தார்கள், எடுத்தார்கள். மேலிடத்திலிருந்து ஒரு பெரிய அதிகாரி மாதிரி ஆட்டத்தைப் பார்க்க வருகிறார் என்றதும், அவரை அசத்த மறுபடி வைத்தார்கள். அவர் அசந்துபோனார். அப்படித்தான் ஆட்டத்தின் உயிர்நாடியான விஷயம் உறுதியானது. ஆட்டத்தின் பெயரே 2017 ஜூனில் உலகத்துக்குக் காட்டுவதற்குச் சில நாட்களுக்கு முன் மாற்றப்பட்டது. சட்டைக்கெல்லாம் வேறு பெயர் அச்சடித்திருந்தார்கள்.

செர்னியின் உரையை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். நிரூபித்துவிட்டு ஆளைக் கூப்பிடு என்றார். இங்கே ஆளைக் கூப்பிட்டுவிட்டு நிரூபிக்காமல் இருந்தார்கள். அந்த இடைவெளியை எது நிரப்பியது? ஒரு கதையாடல். ‘பயோவேர் மாயம்’ என்று அதற்குப் பெயர். எத்தனை குழம்பினாலும் கடைசி மாதங்களில் எல்லாம் கூடிவந்துவிடும், முன்பும் வந்திருக்கிறது என்ற நம்பிக்கை. மாயம் என்ற சொல்லை வாசியுங்கள். அது எதை மறைக்கிறது? ராத்திரி வீட்டுக்குப் போகாதவர்களை. மன அழுத்தத்தால் மருத்துவர் கட்டாய விடுப்பு எழுதிக்கொடுத்து வாரக்கணக்கில், மாதக்கணக்கில் காணாமல் போனவர்களை. ஒரு அறையைத் தேடிக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதவர்களை. இவர்களுடைய உழைப்பு, மேலே போய்ச் சேரும்போது, மாயமாகிவிடுகிறது. உழைப்பு காணாமல் போய்ப் பொருள் மட்டும் பளபளப்பதைப் பற்றி மார்க்ஸ் எழுதியதற்கு இங்கே நான் உரை எழுத வேண்டியதில்லை.

2017இன் பிற்பகுதியில் மார்க் டாரா என்ற நிர்வாகத் தயாரிப்பாளரை அங்கே கொண்டுவந்தார்கள். பயோவேரிலேயே வருடக்கணக்கில் வளர்ந்தவர், ‘ட்ராகன் ஏஜ்’ ஆட்டங்களை நடத்தியவர். அவர் வந்து செய்தது ஒன்றே ஒன்று. முடிவெடுத்தார். இது உள்ளே, அது வெளியே, தேதி இது. அங்கே வேலை பார்த்தவர்கள் அவரைப் பற்றி ஷ்ரையரிடம் மரியாதையோடுதான் பேசியிருக்கிறார்கள். அவர் வராவிட்டால் ஆட்டமே வந்திருக்காது என்கிறார்கள். நான் இதை நம்புகிறேன். நம்பிக்கொண்டே கேட்கிறேன்: ஒருவர் வந்து ‘ஆகட்டும்’ என்று சொன்னவுடன் நகரக்கூடிய நூற்றுக்கணக்கான பேர், அதற்கு முன் ஐந்து வருடம் ஏன் நகர முடியாமல் கிடந்தார்கள்? அவர்களில் எவருக்கும் ‘ஆகட்டும்’ என்று சொல்லத் தெரியாதா, அல்லது சொல்ல அதிகாரம் இல்லையா? நல்ல நிர்வாகத் தயாரிப்பாளர் ஒரு மீட்பராகத் தெரிவதற்கு முன்நிபந்தனை, மற்ற எல்லோருடைய வாயையும் முதலில் அடைத்து வைத்திருப்பதுதான். பின்னாளில் டாராவே, 2020 டிசம்பரில் வெளியேறிய பிறகு, அந்த ‘மாயம்’ என்பது மோசமான வேலைமுறைக்கு வைத்த செல்லப்பெயர் என்கிற பொருளில் வெளிப்படையாகப் பேசினார். மரியாதைக்குரிய காரியம். உள்ளே இருந்தபோது பேச முடியாததை வெளியே வந்து பேசுவது நமக்கும் பழக்கமானதுதான்.

‘ஆந்தம்’ இப்போது இல்லை. சர்வர் இருந்தால்தான் ஓடும் ஆட்டம் அது. 2026 ஜனவரி 12இல் சர்வரை நிறுத்தினார்கள். காசு கொடுத்து வாங்கியவர்களின் கையில் ஒரு வெற்றுத் தட்டு இருக்கிறது. ஆசிரியன் சாவில் வாசகன் பிறப்பான் என்று பார்த் சொன்னதை மறுபடி நினைத்துக்கொண்டேன். இங்கே ஆசிரியன் பெயரில்லாமல் போனான், பிரதி அணைக்கப்பட்டது, வாசகன் தெருவில் நிற்கிறான். பிழைத்திருப்பது உரிமை மட்டும்.

*

விதிவிலக்கு ஒன்றைச் சொல்லாவிட்டால் என் கட்டுரை பிரசுரமாகலாம், ஆனால் நேர்மையாக இருக்காது. ஜப்பானின் நிண்டெண்டோ கம்பெனியில் நிர்வாகத் தயாரிப்பாளர் பெயர் தலைவருக்கே உரியது. 1949 முதல் 2002 வரை தலைவராக இருந்த ஹிரோஷி யமாவுச்சி வீடியோ கேமே ஆடாதவர் என்று பெயர் பெற்றவர். ஆனாலும் ‘மரியோ’, ‘செல்டா’ ஆட்டங்களின் முடிவில் அவர் பெயர் வரும். மாறன் வழுதிதான், சந்தேகமில்லை. அவருக்குப் பின் வந்த சடோரு இவாடா வேறு மாதிரி. அவர் புரோகிராமர். ‘மதர் 2’ என்ற ஆட்டம் முடிக்க முடியாமல் திணறியபோது உதவிக்குப் போன அவர், இருப்பதையே சரிசெய்தால் இரண்டு வருடம் ஆகும், முதலிலிருந்து எழுதினால் ஆறு மாதம், எது வேண்டும் என்று கேட்டார். 1994இல் ஆட்டம் வந்துவிட்டது. இயற்றுதல் கருத்தாவாக இருந்து ஏவுதல் கருத்தா ஆனவர். அதன் அடையாளம் பின்னால் தெரிந்தது. விற்பனை சரிந்தபோது, 2011இல் ஒருமுறை, 2014இல் இன்னொரு முறை, தன் சம்பளத்தில் பாதியை வெட்டிக்கொண்டார். ஆளைக் குறைக்கலாமே என்று பங்குதாரர்கள் கேட்டதற்கு, வேலை போகுமோ என்று பயந்துகொண்டிருப்பவர்களால் உலகத்தைக் கவரும் ஆட்டத்தைச் செய்ய முடியாது என்ற கருத்தில் பதில் சொன்னார். தண்டனை மேலே போன அபூர்வமான இடம் இது. 2015இல் இறந்துபோனார்.

ஆனால் தனிமனித நல்லகுணம் அமைப்பாகிவிடுவதில்லை. அதே நிண்டெண்டோ 2021இல் வெளியிட்ட ‘மெட்ராய்ட் ட்ரெட்’ ஸ்பெயினின் மெர்குரிஸ்டீம் ஸ்டுடியோவில் உருவானது. உருவான காலத்தில் இருபத்தைந்து சதவீதமாவது வேலை பார்த்திருந்தால்தான் பட்டியலில் பெயர் என்று அந்த ஸ்டுடியோ விதி வைத்திருந்தது. மாதக்கணக்கில் உழைத்துவிட்டுப் பெயரில்லாமல் போனவர்கள் வெளியே வந்து சொன்னார்கள். தலைவர் பதவிக்கு இந்தச் சதவீதக் கணக்கு கிடையாது.

எதிர்முனையில் இருப்பவரையும் சொல்லிவிடுகிறேன். ஹிடியோ கொஜிமா. ‘மெட்டல் கியர் சாலிட் 5’ ஆட்டத்தில் ஒவ்வொரு கட்டம் தொடங்கும்போதும், முடியும்போதும் அவர் பெயர் வந்துகொண்டே இருக்கும், சலிப்பு வருமளவுக்கு. 2015இல் அவரோடு மனக்கசப்பு வந்ததும் கொனாமி கம்பெனி அட்டையிலிருந்து அவர் பெயரை எடுத்தது. ரசிகர்கள் கொதித்தார்கள். எனக்கு அந்தக் கொதிப்பில் பாதிதான் சம்மதம். ஒரே ஆள் எல்லாம் செய்த ராபினெட் காலம் போய்விட்டது. நூற்றுக்கணக்கான பேர் செய்ததை ஒரு மேதையின் பெயரில் எழுதுவதும் மாறன் வழுதி வேலைதான். கிரீடத்துக்குப் பதில் தாடி.

*

கட்டுரையின் கைப்பிரதியைப் படித்த நண்பர் ஒருவர், தொழிற்சங்கக்காரர், ‘என்ன தோழர், பேரு பேருன்னு, இது குட்டிமுதலாளிய ஆசை. கூலியப் பேசுங்க’ என்றார். அவருக்கு என் பதில்: இந்தத் தொழிலில் பெயர்தான் கூலி. பட்டியலில் பெயர் இருந்தால்தான் அடுத்த ஸ்டுடியோவில் அனுபவம் என்று எடுத்துக்கொள்வார்கள். பெயரில்லாத மூன்று வருடம், வேலையில்லாத மூன்று வருடம். பெயரை மறுப்பது சம்பளத்தை மறுப்பதன் நாகரிகமான வடிவம். கூலி கேட்டவர்களும் பெயர் கேட்டவர்களும் ஒரே ஆட்கள்தான் என்பதையும் அவர் கவனிக்க வேண்டும். 2022 மே மாதம் ஆக்டிவிஷனின் ரேவன் ஸ்டுடியோவில் பிழை பார்க்கும் பரிசோதகர்கள் 19க்கு 3 என்று வாக்களித்துச் சங்கம் வைத்தார்கள். அதே ஆண்டு ஜூனில் எட்மன்டனில், பயோவேருக்காக ஒப்பந்தத்தில் பிழை பார்த்துக்கொண்டிருந்த பரிசோதகர்கள் ஒருமனதாகச் சங்கம் வைத்தார்கள். 2023 செப்டம்பரில் ஒப்பந்தம் முடிந்தது என்று பதின்மூன்று பேருக்கும் வேலை போனது. பயோவேர் அலுவலக வாசலில் பதாகை பிடித்து நின்றார்கள். மாயத்தின் பின்பக்கத்தில் இருந்தவர்கள் முன்வாசலுக்கு வந்த நாள் அது.

நண்பர் சமாதானமாகவில்லை. ‘சரி, உங்களுக்கு ஏன் இவ்வளவு கோபம்?’ என்று கேட்டார். சொன்னேன்.

எம்.ஏ. முடித்த புதிதில் ஒரு பதிப்பகத்தின் அகராதி வேலையில் ஐந்து பேர் இருந்தோம். இரண்டு வருடம். சொல்லடைவு, மேற்கோள் சரிபார்ப்பு, மூன்று தடவை மெய்ப்பு, எல்லாம். பதிப்பாசிரியர் என்று அட்டையில் பெயர் வந்தவர் அந்த அறைக்கு வந்தது இரண்டு தடவை. ஒரு தடவை மின்விசிறி ஓடவில்லை என்று உடனே கிளம்பிவிட்டார். முன்னுரையில் எங்களுக்கு ‘உதவிய மாணவர்கள்’ என்று இரண்டு சொல் கிடைத்தது. அவருடைய பெயர் இல்லாவிட்டால் அந்த நிதி வந்திருக்காது என்பதும் உண்மைதான். அதை நான் மறுக்கவில்லை. ஐந்து பேரில் ஒருத்தி இப்போது இல்லை.

இரண்டாம் பதிப்பு தயாராகிறது என்று கேள்விப்பட்டு, ஐந்து பெயர்களையும், யார் எந்த எழுத்திலிருந்து எந்த எழுத்துவரை பார்த்தோம் என்பதையும் ஒரு தாளில் எழுதி பதிப்பகத்துக்கு ஸ்பீடு போஸ்டில் அனுப்பினேன். போய்ச் சேர்ந்துவிட்டது என்று மறுநாளே போனில் தகவல் வந்தது. மூன்று மாதமாகிறது. பதில் வரவில்லை.